வாசிக்கட்டுமா என்று கேட்ட குரல்

வீட்டில் ஒருவருக்குக் கைப்பேசியைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துவிட்டால் போதும், மற்றவர்கள் எல்லோரும் நிம்மதியாகத் தெரியாமல் இருந்துவிடுவார்கள். எங்கள் வீட்டில் அந்த ஒருவர் நான். மன்னார் டவுனில் ஒரு கந்தோரில் கணினிக்கு முன்னால் வேலை பார்த்தேன் என்பதுதான் என் தகுதி. (அதில் நான் செய்ததெல்லாம் கடிதம் ரைப் பண்ணுவது மட்டும். வீட்டில் யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.) கீரி என்ற எங்கள் ஊரில், எங்கள் ஒழுங்கையில் யாருடைய போன் மக்கர் பண்ணினாலும் ஜெனிற்றாவிடம்தான் வரும். நான் வாங்கி, இரண்டு இடத்தில் அமத்தி, ஊதி, திருப்பிக் கொடுப்பேன். பெரும்பாலும் அது தானாகவே சரியாகிவிடும். பேர் எனக்கு.

பிரான்சில் இருக்கும் அண்ணா அம்மாவுக்கு ஒரு டேப் அனுப்பியபோது அதைப் பழக்கிக் கொடுக்கும் பொறுப்பும் என் தலையில்தான் விழுந்தது. அம்மாவுக்கு எப்போதும் கையில் மீன் செதில் இருக்கும். கண்ணாடி எங்கே என்று தேடுவதிலேயே பாதி நாள் போய்விடும். ஆகவே நான் அந்தப் பேசும் உதவியாளினியை எழுப்பிவிட்டேன். (அவளுடைய பெயரை இங்கே எழுத மாட்டேன். யாராவது இதைச் சத்தமாக வாசித்தால் எந்த வீட்டில் எது எழும்புமோ!) ஏதாவது செய்தி வந்தால் அவளே அறிவித்து, "வாசிக்கட்டுமா?" என்று கேட்பாள். ஆமாம் என்றால் வாசித்துவிடுவாள்.

ஒரே ஒரு சிக்கல். அவளுக்கு இந்தியத் தமிழ்தான் விளங்கும். எங்கள் ஊர் வழக்கில் "ஓம்" என்றால் பேசாமல் இருப்பாள். முதல் வாரம் முழுக்க அம்மா, "ஓம் பிள்ளை, ஓம், ஓமெண்டுதானே சொல்லுறன்!" என்று டேப்போடு மல்லுக்கட்டினார். பிறகு தொலைக்காட்சி நாடகத்து மாமியார் மாதிரி நிமிர்ந்து இருந்து "ஆமாம்" என்று சொல்லப் பழகிக்கொண்டார்.

இன்னொரு கெட்டித்தனமும் செய்தேன். அம்மாவுக்குத் தனிக் கணக்குத் திறக்கப் பஞ்சிப்பட்டு, என் கணக்கிலேயே டேப்பைத் திறந்து கொடுத்துவிட்டேன். எனக்கு வரும் செய்திகள் அதற்கும் போகும். பகலில் நான் கந்தோரிலும் டேப் வீட்டிலுமாக இருந்ததால், அம்மா எனக்கு வந்த சலுகை விளம்பரங்களைப் பக்தியோடு கேட்டுக்கொண்டிருந்தாரே தவிர, வேறு ஆபத்து நடக்கவில்லை.

அந்த நேரத்தில்தான் ஜெராட்டின் சம்பந்தம் வந்தது. முள்ளிக்குளத்துப் பக்கம். படகு எஞ்சின் திருத்துகிறவர். அதற்கு முன்பு வந்த இரண்டு சம்பந்தங்களை நான் தலையிடி என்று சொல்லிப் படுத்தே கலைத்திருந்தேன். இந்த முறை அம்மா மாத்திரைப் பெட்டியைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார்.

"தலையிடிச்சால் இதைப் போடு. போட்டிட்டு எழும்பி வா. மாதாவுக்கு நேர்ந்திருக்கிறன், விளங்குதோ?"

விளங்கியது. ஆனால் விளங்குவதும் பதறாமல் இருப்பதும் ஒன்றல்லவே. அவர்கள் பெண் பார்க்க வரவிருந்த அன்று காலை நான் ஒரு இடத்தில் இருக்கவில்லை. கதிரைகளைத் துடைத்தேன். துடைத்த கதிரைகளை மறுபடி துடைத்தேன். ஒழுங்கை முகப்புக்கும் குசினிக்குமாக நடந்து, காற்று அள்ளிக்கொண்டு வந்த மணலையெல்லாம் காலோடு வீட்டுக்குள் கொண்டுவந்து, மறுபடி கூட்டினேன். "பிள்ளை, நீ ஓரிடத்தில இருந்தாலே வீடு துப்புரவாகும்," என்றார் அப்பா.

கந்தோரில் என் பக்கத்துக் கதிரைக்காரி ரெஜினாதான் எச்சரித்தாள். முந்தின ஞாயிறு பூசை நடுவில் யாருடைய போனோ வாய் திறந்து மழை வருமா வராதா என்று சொல்லியிருந்தது. "அந்தக் கதைக்கிற சாமானை நிப்பாட்டி வையடி. நல்ல காரியம் நடக்கேக்க வாய் விட்டிடும்," என்று செய்தி போட்டாள். நான் உடனே என் கைப்பேசியில் இருந்த உதவியாளினியை நிறுத்தினேன். நிறுத்திவிட்டேன் என்ற பெருமையில் சத்தத்தையும் குறைத்துவிட்டு இடுப்பில் செருகிக்கொண்டேன். டேப்பில் இருப்பவள் வேறொருத்தி என்பது என் நிபுணத்துவத்துக்கு எட்டவில்லை.

அவர்கள் வாடகை வான் ஒன்றில் வந்து இறங்கினார்கள். ஜெராட், அவருடைய தாய், தாயின் தங்கை பிலோமினா சின்னம்மா. சின்னம்மா சண்டைக்காலத்தில் கடல் கடந்து இந்தியாவுக்குப் போய் மண்டபம் அகதி முகாமில் பல வருசம் இருந்துவிட்டுத் திரும்பியவர். உடம்பு முள்ளிக்குளத்துக்கு வந்துவிட்டது, பேச்சு மட்டும் இன்னும் அக்கரையிலேயே நின்றது.

அண்ணா வீடியோவில் மாப்பிள்ளையைப் பார்க்க வேண்டுமென்றதால் டேப்பை அலுமாரிக்கு மேலே, மாதா சுரூபத்துக்குப் பக்கத்தில் ஏற்றி வைத்திருந்தோம். அங்கிருந்தால்தான் எல்லோரும் படத்துக்குள் வருவார்கள். அண்ணா ஜெராட்டிடம் எஞ்சினைப் பற்றியே நெடுநேரம் கேட்டுக்கொண்டிருந்தார். (எனக்கு மாப்பிள்ளை பார்க்கிறாரா, படகு வாங்குகிறாரா என்று சந்தேகமாகிவிட்டது.)

நான் குசினித் திரைக்குப் பின்னால் நின்று ரெஜினாவுக்கு நேரடி வர்ணனை அனுப்பிக்கொண்டிருந்தேன். பதற்றத்தில் என் விரல்கள் என் பேச்சைக் கேட்கவில்லை. "காது ரெண்டும் கதவு திறந்த வான் மாதிரி," என்று எழுதினேன். "தாய் சிரிக்கவே மாட்டா போல," என்று எழுதினேன். பிறகு ஜெராட் அப்பாவின் ஏதோ பகிடிக்குச் சிரித்தார். அதைப் பார்த்துக் கொஞ்சநேரம் நின்றுவிட்டு மூன்றாவதாக ஒன்று எழுதினேன். போனை மறுபடி இடுப்பில் செருகிவிட்டுத் தேத்தண்ணித் தட்டத்தைக் கையில் எடுத்தேன்.

வீடியோ முடிந்தது. அதுவரை வாயைப் பொத்திக்கொண்டிருந்த டேப் விழித்துக்கொண்டது. மாதாவின் பக்கத்திலிருந்து இனிமையான பெண் குரல் வந்தது.

"உங்களுக்கு ஒரு செய்தி வந்திருக்கிறது. வாசிக்கட்டுமா?"

நான் திரைக்குப் பின்னால் உறைந்துபோனேன். பிறகு யோசித்தேன்: இங்கே இருக்கிறவர்கள் எல்லோரும் "ஓம்" என்கிற ஆட்கள். அம்மா பயத்தில் வாய் திறக்க மாட்டார். தப்பினேன்.

பிலோமினா சின்னம்மா கைகூப்பினார். "அட, பொண்ணு உள்ளயிருந்து நற்செய்தி வாசிக்கப் போவுதா? ஆமா, வாசிம்மா!"

"ரெஜினாவிடமிருந்து," என்று டேப் செய்தியறிக்கை வாசிக்கிற நிதானத்தோடு தொடங்கியது. "வான் கதவு மாதிரிக் காதோ? அப்ப கீரிக் காத்துக்குப் பறந்திடுவார். காலில் கல்லைக் கட்டி வை. அடுத்த செய்தியை வாசிக்கட்டுமா?"

அப்பா, "ஆர் கதைக்கிறது?" என்றார். ஜெராட்டின் கை மெல்லத் தன் காதுக்குப் போனது.

சின்னம்மா மட்டும் கலங்கவில்லை. "கல்லக் கட்டுறதெல்லாம் சாமியார் பிரசங்கத்துல சொல்லுவாருல்ல, அதுதான். ஆமா ஆமா, படி!"

"ரெஜினாவிடமிருந்து. தாய்க்குப் பல்லு இருக்கோ எண்டு முதல் பார். சரிவராட்டி வழமை மாதிரித் தலையிடி எண்டு சொல்லிப் படு."

நான் தேத்தண்ணித் தட்டத்தை அடுப்பங்கரையில் வைத்துவிட்டுப் பாய்ந்தேன். மணப்பெண் தலைகுனிந்து நடந்து வரவேண்டிய இடத்தில், சேலையை முழங்காலுக்குத் தூக்கிக்கொண்டு கதிரையில் ஏறினேன். டேப் இன்னும் எட்டவில்லை.

"நிப்பாட்டு! நிப்பாட்டு!"

"மன்னிக்கவும், எனக்குப் புரியவில்லை."

"வாயை மூடு! சும்மா இரு!"

"மன்னிக்கவும்."

அந்த நேரத்தில் "நிறுத்து" என்ற ஒரு சொல் என் தலைக்குள் இல்லவே இல்லை. பள்ளிக்கூடச் சோதினையில் தமிழுக்கு நான் எடுத்த விசேட சித்தியெல்லாம் வீண். கதிரை ஆடியது. ஆத்திரத்தில், "எல்லாம் உன்னால, ரெஜினா!" என்று கத்தினேன்.

"ரெஜினாவை அழைக்கிறேன்."

அவள் உடனே எடுத்துவிட்டாள். போனைக் கையில் வைத்துக்கொண்டே இருந்திருக்கிறாள். வீடு முழுக்க அவளுடைய குரல் நிறைந்தது.

"என்னடி, வான் கதவு போயிட்டுதோ?"

ஜெராட் எழுந்து அலுமாரியை அண்ணாந்து பார்த்தார்.

"இல்லைத் தங்கச்சி, வான் கதவு இன்னும் இஞ்சதான் நிக்குது."

"ஐயோ மாதாவே!" என்ற அலறலோடு அழைப்பு அறுந்தது. டேப் விடவில்லை. "உங்களுக்கு இன்னொரு செய்தி..."

"அட, போதும், நிறுத்தும்மா!" என்றார் சின்னம்மா. அவள் நிறுத்தினாள்.

நான் கதிரையிலிருந்து இறங்கினேன். ஜெராட்டின் தாய் கைப்பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். "அப்ப நாங்கள் வெளிக்கிடுவம்," என்றார். அவருக்குப் பல் இருப்பது அப்போதுதான் தெரிந்தது. அம்மாவின் உதடுகள் செபமாலை சொல்வதுபோல அசைந்தன, சத்தம் வரவில்லை. அப்பா என்னைப் பார்க்கவே இல்லை. அதுதான் தாங்க முடியாமல் இருந்தது.

இந்த முறை நிஜமாகவே தலை இடித்தது. ஆனால் போய்ப் படுக்க மனம் வரவில்லை. டேப் வாசித்ததெல்லாம் ரெஜினாவின் பதில்கள். நான் எழுதியதில் ஒரு வரியும் அவர்கள் காதில் விழவில்லை. ஜெராட் படியிறங்கிப் போய்விட்டால் அது கடைசிவரை விழப்போவதில்லை.

இடுப்பிலிருந்த கைப்பேசியை இழுத்து அவரிடம் நீட்டினேன். "நான் எழுதினதையும் வாசிச்சிட்டுப் போங்கோ," என்றேன்.

அவர் வாசித்தார். முதலாவதில் முகம் மாறவில்லை. இரண்டாவதில் தாயை ஓரக்கண்ணால் பார்த்தார். மூன்றாவதை இரண்டு தரம் வாசித்தார்.

"என்னடா எழுதியிருக்கு? சத்தமா வாசி," என்றார் தாய்.

"வேண்டாம் அம்மா."

"வாசியெண்டுறன்!"

அவர் என்னைப் பார்த்தார். நான் தலையை ஆட்டினேன். அதற்குமேல் இழக்க என்னிடம் என்ன மானம் மிச்சமிருந்தது?

"'ஆனா சிரிக்கேக்க கண்ணும் சேந்து சிரிக்குது. அப்பாவோட மரியாதையாக் கதைக்கிறார். எனக்குப் பிடிச்சிருக்கு எண்டு நினைக்கிறன். பயமா இருக்கடி.'"

கடைசி வரியை வாசிக்கும்போது அவருடைய குரல் இறங்கிவிட்டது. தாய் கைப்பையைக் கதிரைக்கு அருகே கீழே வைத்தார்.

"தேத்தண்ணி ஆறப்போகுது பிள்ளை. கொண்டுவாங்கோ."

கலியாணம் நடந்தது. தோழியாக நின்ற ரெஜினா அன்று முழுக்க என் மாமியாரின் கண்ணில் படாமல் என் முக்காட்டுக்குப் பின்னாலேயே ஒளிந்துகொண்டிருந்தாள். மாமியாரோ விருந்தில் அவளைத் தேடிப் பிடித்து, வாயைப் பெரிதாகத் திறந்து, "எண்ணிப் பார் பிள்ளை, எல்லாம் கிடக்கு," என்றாராம்.

ஆனால் அந்தக் குடும்பம் எச்சரிக்கையான குடும்பம். அதன் பிறகு அவர்கள் பக்கத்தில் எந்தச் சம்பந்தப் பேச்சு என்றாலும், வந்தவர்களுடைய போன், டேப் எல்லாவற்றையும் ஓர் ஓலைக் கடகத்தில் போட்டு, துவாயால் மூடி, கோழிக்கூட்டுக்கு மேலே வைத்துவிட்டுத்தான் வாய் திறக்கிறார்கள். நாளாக நாளாக அந்தத் துவாய் வெள்ளைத் துணியானது. இப்போது கடகத்துக்குப் பூவும் வைக்கிறார்கள்.

போன மாதம் பெரியமடுவிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வந்திருந்தார்கள். கடகத்துக்குள் போனை வைத்த பெரியவர் அதைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு, "இது நல்ல முறையாயிருக்கு. எந்தக் காலத்திலயிருந்து வாறது?" என்று என் கணவரிடம் கேட்டார்.

அவர் பதில் சொல்ல வாய் திறப்பதற்குள், தேத்தண்ணி கொண்டுவருகிறேன் என்று நான் எழும்பிவிட்டேன்.