எட்டுக்கு ஒன்பது அறையில் ஒரு ஜோடி ஸ்பீக்கர்

டிரில் மாஸ்டர் புது ஸ்பீக்கர் இரண்டையும் புத்தக அலமாரியில் ஏற்றிவைத்து, பாட்டைப் போட்டுவிட்டுக் கண்ணை மூடினார். திம் திம் என்று டிரம் மட்டும் கேட்டது. பாடுகிறவர் ஆணா பெண்ணா என்பதே தெரியவில்லை.

"நல்லாத்தானே இருக்கு?" என்று மனைவியைக் கேட்டார்.

"கிணத்துல விழுந்தவங்க கூப்பிடுற மாதிரி இருக்கு" என்றாள் அவள், ஊசியில் நூலைக் கோத்துக்கொண்டே.

மாஸ்டருக்குப் பள்ளிக்கூடத்தில் காலையிலிருந்து விசில், அறுநூறு பிள்ளைகளின் கூச்சல். வீட்டுக்கு வந்தால் ஹாலில் மனைவியின் தையல் மெஷின் கடகடவென்று ஓடும். மகள் ஹாஸ்டலுக்குப் போனதும் காலியான எட்டுக்கு ஒன்பது அறைமேல் இருவருக்கும் ஒரு கண். பேசிப் பேசிக் கடைசியில் ஒப்பந்தம் ஆயிற்று. ஞாயிற்றுக்கிழமைக்குள் அந்த அறையில் பாட்டு ஒழுங்காகக் கேட்டால் அறை அவருக்கு, இல்லாவிட்டால் மெஷின் உள்ளே போகும். ஒரு நாளைக்கு ஒரு மணி நேர நிம்மதிக்கு மனிதர் உண்மையிலேயே ஏங்கிப்போயிருந்தார்.

மறுநாளே ஸ்பீக்கர் கடைக்கு ஓடினார். மனைவி விசாரித்துச் சொன்ன கடை அது. இருப்பதிலேயே விலை குறைந்த ஜோடியைக் கொடுத்த விற்பனையாளர் ஒல்லியானவர், எதற்கும் அவசரப்படாதவர்.

"அலமாரியிலயா வெச்சீங்க? பேருதான் சார் புக்‌ஷெல்ஃப் ஸ்பீக்கர். சுவத்தை ஒட்டி வெச்சா இரையத்தான் செய்யும். ஜன்னலோரமா அகல மேஜை ஒண்ணு போடுங்க. இடுப்பு உயரம், ஆறடி நீளம்."

"ஆறடியா? ஸ்பீக்கர் ஒரு அடிதானே இருக்கு?"

"சத்தத்துக்கு இடம் வேணாமா சார்?"

அதுவும் நியாயமாகத்தான் பட்டது. மேஜை வந்தது. இரைச்சல் குறைந்தது, ஆனால் கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதையாக எதிரொலி கிளம்பியது.

"எதிரொலி மூலையிலதான் சார் ஒளிஞ்சுக்கும்" என்றார் விற்பனையாளர். "மூலையை வளைச்சுக் கம்பி அடிச்சு, தரை வரைக்கும் கனமான திரை போடுங்க. உள்ள ஒரு ஆள் நிக்கிற அளவுக்கு இடம் விடணும்."

"உள்ள யாரு நிக்கப் போறா?"

"காத்து சார், காத்து."

கம்பி அடிக்கும்போது சுவர் ஒரு முழத்துக்குப் பெயர்ந்து விழுந்தது. மனைவி முகம் சுளிக்கவில்லை. தன் டேப்பைக் கொண்டுவந்து தானே அளந்து கொடுத்தாள். போட்டியாளருக்கே உதவுகிற இந்தப் பெருந்தன்மையைக் கண்டு மாஸ்டருக்குக் கண் கலங்கியது. பாட்டு மட்டும் போர்வைக்குள்ளிருந்து கேட்டது.

வியாழக்கிழமை 'ஙொய்' என்று ஒரு சத்தம் சேர்ந்துகொண்டது. கடைக்குப் போன் போட்டார்.

"பழைய டியூப் லைட்டு வேலை சார் அது. கழட்டிட்டு மேஜைக்கு நேர் மேல நல்ல வெள்ளை விளக்காப் போடுங்க. அப்படியே பக்கத்துல தனியா ஒரு பிளக் பாயிண்ட்."

எலக்ட்ரீஷியன் வந்து தொட்டதும் வீடு முழுக்கக் கரண்ட் போயிற்று. அது திரும்பி வரவே வெள்ளிக்கிழமை ஆகிவிட்டது. விளக்கு எரிந்தது, 'ஙொய்' போகவில்லை. மாஸ்டர் ஸ்பீக்கரையே மாற்றிக் கேட்டார். விற்பனையாளர் இன்னும் சின்ன ஜோடியைக் கொடுத்து, கூடவே ஒரு யோசனையும் சொன்னார்.

"எதிர்ச் சுவத்துல ஆளுயரக் கண்ணாடி ஒண்ணு மாட்டிடுங்க. உச்ச ஸ்வரம் எல்லாம் அதுல பட்டுத் திரும்பணும்."

"கடைசியா இதுதானே?"

"ஏறக்குறைய சார்."

உச்ச ஸ்வரம் திரும்பியது. நேராகக் காதுக்குள் குத்தியது. பள்ளிக்கூடத்தில் ஊதும் தன் விசிலையே காசு கொடுத்து வீட்டுக்கு அழைத்துவந்துவிட்டோமே என்று நொந்துபோனார்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஸ்பீக்கரை அணைத்துவிட்டு ஹாலுக்கு வந்தார்.

"தோத்துட்டேம்மா. ரூமை நீயே எடுத்துக்கோ."

"மனசை விடாதீங்க. மெஷின் உள்ள போயிட்டா ஹால் காலிதானே? ஸ்பீக்கரை இங்க வெச்சுக் கேளுங்க, யாரு வேணாங்குறா?" என்றாள் அவள் கனிவாக.

ஸ்பீக்கரை ஹாலுக்குக் கொண்டுவந்தார்கள். மெஷினை ஆளுக்கொரு பக்கம் பிடித்து உள்ளே கொண்டுபோனார்கள். மேஜை, விளக்கு, பிளக், கண்ணாடி எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தன. "உனக்கு அதிர்ஷ்டம்தான்" என்று மாஸ்டர் பெருமூச்சு விட்டார். அவள் குனிந்து மெஷினுக்கு பெல்ட் மாட்டிக்கொண்டிருந்தபோது அவளுடைய போன் அடித்தது.

"கையெல்லாம் எண்ணெய். யாருன்னு பாருங்களேன்."

அவர் எடுத்துக் காதில் வைத்தார். ஹலோ சொல்வதற்குள், அவசரமே இல்லாத அந்தக் குரல் பேச ஆரம்பித்தது.

"அக்கா, என் பொண்ணோட கவுனை நாளைக்கு வந்து வாங்கிக்கிறேன், நீங்க எழுதிக் குடுத்த லிஸ்ட்ல மேஜை, திரை, விளக்கு, கண்ணாடி எல்லாம் சாரை வெச்சே முடிச்சாச்சு, இஸ்திரி போடுற மேஜைக்கு மட்டும்தான் அவர்கிட்ட என்ன காரணம் சொல்றதுன்னு தெரியல."