வாய்க்கால் மேடும் வெத்தலை பாக்கும்

எங்கள் வீட்டில் நான் போட்ட முதல் சட்டம் அது. கடைசிச் சட்டமும் அதுதான்.

கோயமுத்தூர் சரவணம்பட்டியில் வீடு கட்டி முடித்திருந்தோம். நெதர்லாந்தில் இருபது வருஷம் வாடகை வீட்டில் கழித்துவிட்டு ஊர் திரும்பியவன் நான். இப்போதைக்குக் குடியிருக்கும் கணபதிப் பக்கத்திலும் வாடகை வீடுதான். ஒரு ஐம்பது பேரைக் கூப்பிட்டு, சத்தமில்லாமல் புதுமனை புகுந்துவிட வேண்டும் என்பது என் ஆசை. என் பக்கம் வால்பாறையில் டீச்சராக இருக்கும் அக்கா ஒருத்திதான். மிச்சமெல்லாம் மனைவி பக்கம்.

மனைவி பெயர் லோகப்பிரியா. உலகத்துக்கே பிரியமானவள் என்று பொருள். அந்த உலகத்தில் பாதி அவளுக்கு ஒறம்பரை, அதாவது சொந்தக்காரர்கள். அவள் பிறந்த பொள்ளாச்சிப் பக்கம் கல்லை விட்டெறிந்தால் ஒரு சித்தப்பா மேல் விழும்.

"அம்பது பேருங்களா? என்ற பெரியப்பா ஊட்டுலயே அத்தனை பேரு இருக்காங்களே!"

"அப்பப் பெரியப்பாவைக் கூப்பிட வேண்டாம்."

அவள் ஒரு பார்வை பார்த்தாள். எனக்குத் தமிழும் ஆங்கிலமும் நன்றாகத் தெரியும். அந்தப் பார்வைக்கு இரண்டிலும் சொல் கிடையாது. உடனே வேறு வழியில் போனேன்.

"சரி லோகு, யாரை வேணும்னாலும் கூப்பிடலாம். ஆனா வாட்ஸப்பில பத்திரிகை அனுப்பறது, ஃபோன்ல சொல்றது, அதெல்லாம் மரியாதை இல்ல. வீட்டுக்காரன் நான். நான் நேர்ல போய்க் கூப்பிட்டவங்க மட்டும்தான் வரணும். அதுதானே நம்ம பழக்கம்?"

"நீங்க நேர்ல போய்க் கூப்புட்டாப் போதுங்களா?"

"போதும்."

"வேற ஒண்ணும் வேண்டாங்களா?"

"வேண்டாம்."

"செரிங்க" என்று சொல்லிவிட்டுக் கொத்தமல்லி ஆயப் போய்விட்டாள்.

எனக்கே ஆச்சரியம். கல்யாணமான நாளிலிருந்து இத்தனை சுருக்கமாக நான் ஜெயித்ததில்லை. திட்டத்தின் மறுபாதி என் மனசுக்குள் இருந்தது. வார நாட்களில் எனக்கு வேலை. அழைக்கப் போகக் கிடைப்பது ஞாயிறு மட்டும். அந்த ஞாயிறுகளில் நான் ஊரிலேயே இல்லாவிட்டால்? அக்காவுக்கு மட்டும் ஃபோனில் சொல்லிக்கொள்ளலாம். சட்டம் போட்டவனுக்கு ஒரு விலக்குக்கூடவா கிடையாது?

அன்று மாலையே அறிவித்தேன்: "இனி ஒவ்வொரு ஞாயிறும் சைக்கிள் பயணம். வண்டி வாகனம் வராத பாதை. பழைய ஊர்கள், கல்வெட்டு, கோயில். உடம்புக்கும் நல்லது, மனசுக்கும் நல்லது."

சண்டை வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை.

"பொள்ளாச்சிக்கு அக்கட்டால வாய்க்கா மேட்டுல போங்க" என்றாள். "ஒரு வண்டி வராதுங்க. ரெண்டு பக்கமும் தென்னந்தோப்பு. வழியில ஒரு ஊர்ல புலிகுத்திக் கல்லு இருக்குதுங்க. பாத்ததே இல்லையில்ல நீங்க?"

புலிகுத்திக் கல்! புலியோடு சண்டையிட்டுச் செத்தவனுக்கு நடும் கல். நான் உருகிவிட்டேன். என் ரசனையை ஒருத்தி புரிந்துகொள்ள இத்தனை வருஷம் ஆயிற்றே என்று கொஞ்சம் கண்கூடக் கலங்கியது.

பக்கத்து வீட்டு முகமது ரியாஸ் துணைக்கு வந்தார். டவுன்ஹால் பக்கம் பூட்டு, தாழ்ப்பாள் வியாபாரம். அவருடைய சரக்கு வேனில் சைக்கிள்களை ஏற்றிப் பொள்ளாச்சி வரை போவது, அங்கிருந்து மிதிப்பது என்று ஏற்பாடு.

கிளம்பும்போது லோகு என் சைக்கிள் பையில் எதையோ திணித்தாள். வாழைப்பழம், வெத்தலை, பாக்கு.

"பழம் சரி. வெத்தலை எதுக்கு?"

"செரிமானத்துக்குங்க. அப்பறம் ஒண்ணு சொல்லறேன் கேளுங்க. யாராச்சும் ஒரு சொம்புத் தண்ணி குடுத்தாக்கூட, கெளம்பறப்பப் பழமும் வெத்தலை பாக்கும் குடுத்து, 'குடும்பத்தோட ஊட்டுக்கு வாங்க'ன்னு ஒரு வார்த்தை சொல்லிப்போட்டு வாங்க. வெளிநாடு போனவிய மரியாதையை மறந்துபோட்டாங்கன்னு யாரும் சொல்லிரக் கூடாது."

நியாயமாகப் பட்டது.

வாய்க்கால் மேடு அவள் சொன்ன மாதிரியே இருந்தது. இடது பக்கம் தண்ணீர், வலது பக்கம் தோப்பு, எதிரே ஆனைமலை. ஒரு ஹாரன் இல்லை. எதிரில் வந்தது ஒரு எருமை மட்டும், அதுவும் ஒதுங்கி வழி விட்டது. நெதர்லாந்தில் சைக்கிளுக்குத் தனிப் பாதை உண்டு, ஆனால் அங்கே எருமை ஒதுங்காது. எருமையே கிடையாது.

முதல் ஊரில் புலிகுத்திக் கல்லைக் கண்டுபிடித்தோம். அதன் பக்கத்தில், எங்களுக்காகவே நிற்பதுபோல வெள்ளை வேட்டியில் ஒரு பெரியவர்.

"வாங்க மாப்ளே! வாங்க பாய்! ஏனுங்க, இத்தனை வெய்யில்ல மிதிச்சா வந்தீங்க?"

பெயர் செங்கோட்டையன் என்றார். நான் கல்லைச் சுற்றிச் சுற்றி வந்தேன். புலி பின்னங்காலில் நிமிர்ந்து நிற்கிறது. வீரன் ஈட்டியை அதன் வயிற்றில் இறக்குகிறான்.

"இதுல யாருங்க ஜெயிச்சது? புலியா, ஆளா?"

"ரெண்டு பேருமே போய்ச் சேந்துட்டாங்கன்னு எங்கூர்ல சொல்லுவாங்க. ஓரமா நிக்குது பாருங்க ஒரு பொம்பள, அது சம்சாரம். கல்லு வெச்சது அந்தம்மாதானாம்."

குனிந்து பார்த்தேன். எண்ணெயும் மஞ்சளும் ஏறித் தேய்ந்த முகம். அந்தத் தேய்மானத்திலும் ஒரு சின்னச் சிரிப்பு தெரிந்தது. புலியை விட்டுவிட்டு அவளையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

செங்கோட்டையன் எங்களை விடவில்லை. வீட்டுக்கு அழைத்துப் போனார். இடியாப்பம் மாதிரிப் பிழிந்த சந்தகை, தேங்காய்ப்பால், வெல்லம் போட்டுச் சுட்ட கச்சாயம். தட்டு காலியாவதற்குள் அடுத்தது விழுந்தது.

"அம்மணி சௌக்கியமுங்களா?" என்றார்.

எந்த வீட்டிலும் ஓர் அம்மணி இருப்பாள்தானே. "சௌக்கியம்" என்றேன். ரியாஸுக்கு இளநீர் புரையேறியது.

கிளம்பும்போது பையைத் திறந்து வெத்தலை பாக்கு, பழம் கொடுத்தேன். "குடும்பத்தோட ஊட்டுக்கு வாங்க."

பெரியவர் இரண்டு கையாலும் வாங்கி, கண்ணில் ஒற்றிக்கொண்டார். ஒரு வாழைப்பழத்துக்கு இத்தனை மரியாதையா!

வாய்க்கால் மேட்டில் திரும்பும்போது ரியாஸிடம் கேட்டேன். "பாய், முன்னப்பின்ன தெரியாதவனுக்கு இத்தனை உபசாரம். ஏன்?"

"அதானுங்ண்ணா, எனக்கும் தெரியலீங்க" என்றார், கச்சாயத்தை மென்றுகொண்டே.

அந்த ஆராய்ச்சி என்னைப் பிடித்துக்கொண்டது. அடுத்த ஞாயிறு வேறு ஊர், லோகு சொன்ன பாதை, சிதைந்த ஒரு சிவன் கோயில். கோயில் வாசலில் ராசாத்தாள் என்ற அம்மாள் மோர்ச் சொம்போடு நின்றார். "வந்துட்டாரு, வந்துட்டாரு" என்று உள்ளே பார்த்துக் கத்தினார். ஒரு பட்டாளமே வெளியே வந்தது. அரிசியும் பருப்பும் சோறு, நெய், இனிப்புக்கு ஒப்புட்டு. நான் வெத்தலை பாக்குக் கொடுத்து, ஊட்டுக்கு வாங்க என்றேன். "வராம இருப்பமுங்களா கண்ணு!" என்று பட்டாளம் ஒரே குரலில் சொன்னது.

அதற்கடுத்த ஞாயிறும் அப்படியே. அதற்கடுத்ததும்.

என்னிடம் பல கொள்கைகள் சேர்ந்தன. ஹெல்மெட் போட்டவனைப் பெரிய அதிகாரி என்று நினைக்கிறார்கள் என்பது முதல் கொள்கை. ஹெல்மெட்டைக் கழற்றிப் பார்த்தேன், சோறு குறையவில்லை. வாய்க்கால் தண்ணீர் குடித்தவர்களுக்கு இளகிய மனசு என்பது இரண்டாவது. சைக்கிளில் வருகிறவன் காரில் வருகிறவனைப்போல மிரட்டுவதில்லை, அதனால் கதவுகள் தாமாகத் திறக்கின்றன என்பது மூன்றாவது. இதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. இதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதலாம் என்றுகூட இருந்தேன்.

"மூணாவதுதாங்ண்ணா செரி" என்றார் ரியாஸ். அவர் தொப்பை என்னைவிட வேகமாக முன்னே போய்க்கொண்டிருந்தது.

லோகு ஒவ்வொரு ஞாயிறும் ஆர்வமாக விசாரிப்பாள். "எந்தெந்த ஊர் போனீங்க? யாரு யாரு ஊட்டுல சாப்புட்டீங்க? வெத்தலை குடுத்தீங்களா?" அழைக்கப் போவது பற்றி மூச்சு விடவில்லை. விழா நெருங்கிக்கொண்டிருந்தது. பாவம், மறந்தே போய்விட்டாள் என்று எனக்கு அவள்மேல் இரக்கம் வந்தது.

விழாவுக்கு முந்தின வாரம் ஃபோன் அடித்தது. செங்கோட்டையன்.

"மாப்ளே! வேன் சொல்லிப்போட்டமுங்க. பங்காளிக அத்தனை பேரும் வந்தர்றோம். எத்தனையோ பேரு கார்ல வந்து, எறங்காமயே பத்திரிகையை நீட்டிட்டுப் போறாங்க. நீங்க வேர்த்து விறுவிறுத்து சைக்கிள் மிதிச்சு வந்து, வெத்தலை பாக்கு வெச்சுக் கூப்புட்டீங்களே! இந்தச் சுத்துவட்டாரத்துலயே அதான் பேச்சு."

ஃபோனை வைத்தேன். வெத்தலை கண் முன்னே வந்தது. ஊர் ஊராக, வீடு வீடாக வந்தது.

"லோகு!"

"ஏனுங்க?"

"செங்கோட்டையன் உனக்கு யாரு?"

"எங்கப்பாவோட பங்காளிங்க. நம்ம கல்யாணத்துக்குக்கூட வந்துருந்தாருங்களே, மறந்துட்டீங்களா?"

"ராசாத்தாள்?"

"சின்ன அத்தைங்க."

"மத்தவங்க?"

"ஊருக்கு வந்த யாரோ ஒருத்தருக்குச் சந்தகை புழிஞ்சு வெச்சுட்டு ஆரு காத்திருப்பாங்க? எல்லாம் நம்ம ஒறம்பரைதானுங்க."

"ஒருத்தர்கூடச் சொல்லலையே!"

"நாந்தான் சொல்லி வெச்சனுங்க. அவருக்குக் கூச்சம் ஜாஸ்தி, விசேஷத்தைப் பத்திப் பேச்செடுத்தாக் கூசிப்போவாரு. வெத்தலை பாக்குக் குடுத்து ஊட்டுக்கு வாங்கன்னு மட்டுந்தான் சொல்லுவாரு, தேதியை நான் சொல்லறேன்னு."

"இது மோசடி!"

"சட்டம் நீங்க போட்டதுங்க. ஊட்டுக்காரர் நேர்ல போய்க் கூப்புட்டாப் போதும், வேற ஒண்ணும் வேண்டாம்னீங்க. கூப்புட்டீங்களா இல்லீங்களா?"

ஜன்னல் வழியாக ரியாஸைக் கூப்பிட்டேன். "பாய், உங்களுக்குத் தெரியுமா?"

"மொதல் நாளே தங்கச்சி சொல்லிருச்சுங்ண்ணா."

"ஏன் சொல்லல?"

"சொல்லியிருந்தா அடுத்த ஞாயிறு போயிருப்பமுங்களா? அந்தக் கச்சாயம் இங்க எங்கீங்ண்ணா கெடைக்கும்?"

பூட்டு வியாபாரி. வாயைப் பூட்டிச் சாவியைக் கச்சாயத்தோடு விழுங்கிவிட்டார்.

சோபாவில் சாய்ந்தேன். லோகு ஓரமாக நின்றாள். முகத்தில் ஒரு சின்னச் சிரிப்பு. அதை எங்கேயோ பார்த்திருக்கிறேன். ஒரு கல்லில்.

"சரி, எல்லாரும் வரட்டும்" என்றேன். "கூப்பிட்டது முடிஞ்சுதா? இல்ல, இன்னும் யாராவது பாக்கியா?"

"என்ற பக்கம் முடிஞ்சுதுங்க. உங்க பக்கம் நங்கையா இருக்காங்கல்லங்க?"

"அக்காவா? அக்காவுக்கு ஒரு ஃபோன் போட்டுடறேன்."

"ஃபோன்ல கூப்புடறது மரியாதை இல்லைன்னீங்களேங்க."

"அப்பக் கார் எடுத்துட்டு ஒரு எட்டு போய்ட்டு வந்துடறேன்."

"காலைல நங்கையாவே பேசினாங்க. விசயம் வால்பாறை வரைக்கும் போயிருச்சாட்ட இருக்குதுங்க. 'ஊருல இருக்கறவங்களை எல்லாம் சைக்கிள் மிதிச்சுப் போய்க் கூப்புட்டவன், கூடப் பொறந்தவளை மட்டும் கார்ல வந்து கூப்புட்டா, நான் என்ன அவங்களையெல்லாம் விட எளப்பமா'ன்னு கேட்டு ஒரே அழுகைங்க."

ஆழியாறு தாண்டினால் வால்பாறைக்கு நாற்பது கொண்டை ஊசி வளைவு. அத்தனையும் மேடு. கண்ணை மூடினேன். ஒவ்வொரு வளைவாகத் தெரிந்தது.

"ரியாஸ் பாய் வருவாரா?"

"மேடுன்னா மூட்டு வலிக்குதாமுங்க." அவள் குரல் சமையலறையிலிருந்து வந்தது. "நீங்க வெடியக்காலமே கெளம்பிருங்க. பையில வெத்தலை வெச்சுட்டனுங்க, செரிமானத்துக்கு நல்லதுங்க."