கோட்டை ராஜாவின் பூர்வீகம்

மழைக்குப் பயந்து எல்லாரும் வீட்டுக்குள் முடங்கிய ஒரு ஞாயிற்றுக்கிழமையில், சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தபடியே மூன்று பேருக்குத் தாய் தகப்பனைத் தீர்மானித்த மனிதரை நீங்கள் எங்கேயாவது பார்த்திருக்கிறீர்களா?

எங்கள் தோட்டத்தில் ஒருவர் இருந்தார். பெயர் குணாளன். பிரிஞ்சாங் என்ற மலை ஊருக்குக் கீழே, தேயிலைத் தோட்டத்து ஆபீஸ் கிராணி, அதாவது குமாஸ்தா. தோட்டத்து உதவி மேனேஜரான சின்னதுரை மாற்றலாகிப் போனபோது பங்களாவில் விட்டுப்போன பெட்டி ஒன்று எண்பத்து நாலாம் வருஷம் அவர் கைக்கு வந்தது. திறந்தால், தடித்த ஆங்கிலப் புத்தகம் ஒன்று, கூடவே தினுசு தினுசாய்ப் பகடைகள். அது ஒரு கதை ஆட்டம். ஆளுக்கொரு பாத்திரத்தை எடுத்துக்கொள்ள வேண்டும். குகை, கோட்டை, பூதம் எல்லாவற்றையும் கதைத் தலைவர் சொல்வார். 'நான் கதவை உதைக்கிறேன்' என்பார் ஒருவர், 'நான் ஓடிவிடுகிறேன்' என்பார் இன்னொருவர். உதை விழுந்ததா என்பதைப் பகடை சொல்லும்.

கதைத் தலைவர் யார் என்று ஓட்டெடுப்பு எதுவும் நடக்கவில்லை. புத்தகம் குணாளன் மடியில் இருந்தது, அவ்வளவுதான். ஆட வந்தவர்கள் மூன்று பேர்: அவர் மனைவி திலகம், அடுத்த குவாட்டர்ஸ் சாம்பசிவம் வாத்தியார், வாத்தியாரின் மனைவி ருக்குமணி.

தகராறு பூர்வீகத்தில் தொடங்கியது. ஒவ்வொரு பாத்திரமும் எங்கே பிறந்தது, யார் பிள்ளை, இதுவரை என்ன செய்தது என்று எழுத வேண்டும். திலகம் ஆசையாக ஒரு தாளில் எழுதினாள்: பெயர் செண்பகம், பூத்தோட்டக்காரன் மகள், குறி தவறாமல் அம்பு விடுவாள். குணாளன் அதை வாங்கி ஓரமாய் வைத்துவிட்டு, அடுத்த ஞாயிறு ஆபீஸ் டைப்ரைட்டரில் கார்பன் வைத்து அடித்த மூன்று பாரங்களோடு, அதாவது படிவங்களோடு, வந்து உட்கார்ந்தார். திருடி வேஷம் வேண்டும் என்று கேட்டிருந்த ருக்குமணி கோயில் சமையல்காரியாகியிருந்தார். வாள்வீரனாக ஆசைப்பட்ட வாத்தியாருக்கு, ஓய்வுபெற்ற வாத்தியார் என்று வந்திருந்தது.

"செண்பகம் அனாதை இளவரசி," என்று படித்தார் குணாளன்.

"அனாதையா? எங்கப்பாவ என்னங்க பண்ணுனீங்க?"

"போர்ல செத்துட்டாரு."

"செடிக்குத் தண்ணி ஊத்திக்கிட்டிருந்த மனுசன் எந்தப் போருக்குப் போனாரு?"

"நடந்து முடிஞ்சதெல்லாம் என் பொறுப்பு திலகம். இனிமே நடக்கப்போறதுதான் உங்க பொறுப்பு. சட்டம்லா."

அந்தச் சட்டம் புத்தகத்தில் எத்தனையாவது பக்கத்தில் இருக்கிறது என்று வாத்தியார் கேட்டார். அது பொதுவாகச் சொல்லியிருக்கிறது என்றார் குணாளன்.

செண்பகத்துக்காக மட்டும் திலகத்துக்கு அத்தனை கோபம் வந்திருக்காது. கியா பார்மில் பூத்தோட்டம் வைத்திருக்கும் சின்னக்கருப்பன், செவ்வந்தி பிரித்துக் கட்டும் வேலைக்கு அவளைக் கூப்பிட்டிருந்தார். மத்தியானம் வரைக்கும்தான் வேலை. கைப்பிள்ளையை, தோட்டத்துக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக் கொட்டகையில் விட்டுக்கொள்ளலாம். கோலா தெர்லாவில் அப்பாவின் பூத்தோட்டத்தில் வளர்ந்தவள் அவள். மொட்டைப் பார்த்தே எந்தக் கிழமை விரியும் என்று சொல்லிவிடுவாள். கல்யாணமாகி மூன்று வருஷமாய் அந்தக் கைக்கு வேலையில்லை. திங்கட்கிழமை காலையில் வராவிட்டால் வேறு ஆளைப் பார்ப்பதாகச் சின்னக்கருப்பன் சொல்லியனுப்பியிருந்தார்.

மூன்று தடவை கேட்டாள், மூன்று தடவையும் முடியாது என்றார் குணாளன். கிராணி பெண்டாட்டி ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு சேற்றில் நிற்பதைத் துரை பார்த்தால் என்ன நினைப்பார்? பூத்தோட்டமெல்லாம் கல்யாணத்துக்கு முந்தின கதை, அது முடிந்துபோனது என்றும் சொல்லிவிட்டார்.

ஆனால் கிராணி என்றால் கிராணிதான். அவர் அடிக்கிற எந்தப் பாரத்திலும் கடைசி வரி 'பிற விவரம்' என்று காலியாக இருக்கும். அது இல்லாத பாரம் அவருக்குப் பாரமே இல்லை. சாயங்காலமானால் கட்டுக் கட்டாய் வரும் பாரங்களில் யாராவது விரல் வைத்துக் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டுப் பழகிய கை வேறு. கெடு வைத்த திங்கட்கிழமைக்கு முந்தின ஞாயிறு மத்தியானம் திலகம் தேத்தண்ணியோடு மூன்று பாரங்களையும் கொண்டுவந்து, கையெழுத்து இல்லாமல் கிடக்கிறதே என்று விரலை வைத்தாள். அவர் பேனாவை எடுத்து மூன்றிலும் போட்டார். படிக்கவில்லை.

அன்றைக்குத்தான் கோட்டை ராஜா வஜ்ரகண்டன் வெளியே வருகிற நாள். ஆறு வாரமாய்க் குணாளன் கட்டி வளர்த்த ராஜா. அவனுக்கென்று தனிக் குரல். தோளில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு எழுந்து நின்றார்.

"யாரடி நீ? எவர் துணிவில் என் கோட்டைக்குள் நுழைந்தாய்?"

திலகம் பாரத்தை எடுத்து, காலியாக இருந்த கடைசி வரியில் தான் எழுதிவைத்திருந்ததை நிதானமாகப் படித்தாள். "பிற விவரம். செண்பகத்தோட புருசன் பதினோரு வருசத்துக்கு முன்னால உப்பு வாங்கிட்டு வரேன்னு போனவன், இன்னும் வரல. அவன் பேரு வஜ்ரகண்டன்."

ராஜாவின் கம்பளி ஒரு தோளிலிருந்து நழுவியது.

பூர்வீகம் நான்தானே எழுத வேண்டும் என்று குணாளன் இழுத்தார். வாத்தியார் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு பாரத்தைப் பார்த்தார். "கீழ கிராணியார் கையெழுத்து இருக்கே. நடந்து முடிஞ்சது உங்க பொறுப்புன்னு நீங்களே சொன்னீங்க."

கையெழுத்துப் போட்டாச்சு, இனி ஒன்றும் பண்ண முடியாது என்று தோட்டத்தில் எத்தனை பேரைத் திருப்பி அனுப்பியிருப்பார் குணாளன். இப்போது அவரே போய் முறையிட ஒரு ஆபீஸ் இல்லை.

"உப்பு எங்கங்க?" என்றாள் திலகம்.

"பெண்ணே, உலகை வெல்லச் சென்றேன்."

"வென்னாச்சா?"

"ஏறக்குறைய."

"அதுவரைக்கும் நான் வீட்ல என்ன பண்ணிக்கிட்டு இருந்தேன்னு நெனச்சீங்க?"

ராஜா பாரத்தைப் புரட்டித் தேடினார். அதில் அது எழுதியிருக்கவில்லை. நல்ல சாக்கு கிடைக்கிறதா என்று பகடையை உருட்டச் சொன்னார் வாத்தியார். ஆகக் குறைந்த எண்ணான ஒன்றுதான் விழுந்தது. அதற்குள் ருக்குமணி கோட்டைச் சாவிக் கொத்தைத் திருடிவிட்டதாக அறிவித்துவிட்டு, தீப்பந்தத்தோடு நெற்களஞ்சியத்துக்குப் பக்கத்தில் நின்றார்.

"கோட்டைய எரிக்க வேணாம்," என்றாள் திலகம். "நாளைக்கிக் காலையில நான் பூத்தோட்டத்துக்கு வேலைக்குப் போகணும். மத்தியானம் வந்துருவேன். சம்மதமா?"

ஆறு வாரத்துக் கோட்டை. குணாளன் கம்பளியை இழுத்துவிட்டுக்கொண்டு, "சம்மதம். சென்று வா," என்றார்.

சொன்ன பிறகுதான், கேட்டது செண்பகம் இல்லை என்று அவருக்கு உறைத்தது. வாத்தியார் தேத்தண்ணிக் கோப்பைக்குள் எதையோ தேடினார். தன் காதால் கேட்டதாக ருக்குமணி மெதுவாகச் சொன்னார்.

"அது ராஜா சொன்னது. நான் சொல்லல."

திலகம் சிரிக்கவில்லை. "எங்கப்பா போர்ல சாகலைங்க. கோலா தெர்லாவுல இன்னிக்கும் செடிக்குத் தண்ணி ஊத்திக்கிட்டுத்தான் இருக்காரு. நான் அவரு மகதான். கிராணி பொண்டாட்டின்னு டைப் அடிச்சா அது அழிஞ்சிருமா?"

குணாளன் கம்பளியைக் கழற்றி மடித்தார். ஒரு தடவை மடித்தது சரியாக வரவில்லை, மறுபடி மடித்தார்.

திங்கட்கிழமை விடிந்தது. காய்கறி லோரி ரோட்டில் நின்று ஹாரன் அடித்தது. திலகம் ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு படியிறங்கினாள். குணாளன் இடுப்பில் பிள்ளையோடு வாசலில் நின்றார். ஆபீஸ் சட்டையில் கஞ்சி வழிந்திருந்தது. லோரி கிளம்பப்போகும் நேரத்தில் செருப்புக்கூடப் போடாமல் ஓடிப்போய், அவள் உட்கார்ந்திருந்த பக்கம் எட்டிப் பார்த்தார்.

"திலகம், அந்த ராஜாவோட மிச்சப் பூர்வீகத்தையும் நீயே எழுதிடு. கொஞ்சம் நல்லவனா எழுதுலா."