கிணற்றில் இறங்கிய போர் விமானம்

"எனக்கு விமானங்களைப் பற்றிக் கொஞ்சம் தெரியும்." பார்ப்பதற்குச் சாதுவான வாக்கியம்தான். அன்றைக்கு இதைச் சொல்லாமல் வாயை மூடிக்கொண்டிருந்தால், மாமனார் ஊரான கொழிஞ்சாம்பாறைப் பக்கம் எனக்கு இன்னும் கொஞ்சம் மரியாதை மிஞ்சியிருக்கும்.

அந்த அறிவு எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். எனக்குக் கோயம்புத்தூரில் ஒரு கம்பெனியில் கணக்குப் பிரிவு வேலை. விமானத்தில் ஒரே ஒரு முறை போயிருக்கிறேன் (கண்ணை மூடிக்கொண்டு). மற்றதெல்லாம் யூடியூபும், செல்போனில் விமானம் ஓட்டும் விளையாட்டும் கற்றுத் தந்தவை. அந்த விளையாட்டில் நான் ஸ்குவாட்ரன் லீடர். (விளம்பரத்தைத் தள்ளாமல் முழுசாகப் பார்த்தால் அந்தப் பதவி கிடைக்கும்.)

சுதாவைக் கல்யாணம் செய்த புதிதில் மாமனார் வீட்டுக்கு முதல் விருந்துக்குப் போயிருந்தோம். மாமாவுக்குத் தென்னந்தோப்பும் கொஞ்சம் வயலும் உண்டு. அவருடைய மூத்த மருமகன், அதாவது என் சகலை, கம்பத்துக்காரர். வண்டன்மேட்டில் ஏலக்காய்த் தோட்டம் வைத்திருக்கிறார். விருந்துக்கு அவரும் வந்திருந்தார். அந்த வீட்டில் எதைத் தொட்டாலும் "இது பெரிய மாப்பிள்ளை செஞ்சு குடுத்ததுங்க" என்றார்கள். மோட்டார் அவர், கேட் அவர், மாடிக்குத் தண்ணீர் ஏறுவதும் அவரால்தான். எனக்கு வயிற்றுக்குள் லேசாகப் புகைந்தது.

கூடத்தில் டிவிக்கு எதிரே மரச்சட்டத்தில் பொருத்திய ஒரு விநோதமான நாற்காலி இருந்தது. தோள்பட்டை வார்கள், அலுமினிய முதுகு, பக்கத்தில் ஒரு சிவப்புப் பிடி. விமானியின் இருக்கை என்று பார்த்தவுடனே தெரிந்தது. மாமாவுக்கு முதுகெலும்பில் தேய்மானம். மற்ற நாற்காலியில் உட்கார்ந்தால் சற்று நேரத்தில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்துவிடுவார். இதில் மட்டும் காலைப் பேப்பரிலிருந்து ராத்திரிச் செய்தி வரை சுகமாக உட்கார்ந்திருப்பாராம்.

"இதும் பெரிய மாப்பிள்ளை கொண்டாந்ததுங்க. இதுல உக்காந்தாத்தானுங்க எனக்கு வலி தெரியறதில்ல. இது எந்தப் பிளேனோடதுன்னா…" என்று மாமா ஆரம்பித்தார்.

நான் கையை உயர்த்தி நிறுத்தினேன். "இருங்க மாமா, நானே சொல்றேன். எனக்கு விமானங்களைப் பத்திக் கொஞ்சம் தெரியும்."

மாமா மரியாதையாக எழுந்து இடம் விட்டார். நான் இருக்கையைச் சுற்றி வந்தேன். தட்டிப் பார்த்தேன். குனிந்து மோந்து பார்த்தேன். (எதற்கு என்று இன்றுவரை தெரியாது.) முதுகுத் தகட்டில் வட்ட வட்டமாக ஓட்டைகள் இருந்தன.

"குண்டு பாஞ்ச ஓட்டை" என்றேன்.

ஒரே அளவில், ஒரே இடைவெளியில், இரண்டு நேர்வரிசையாக இருந்தன. எதிரி அவ்வளவு பொறுமையாக அளந்து வைத்துச் சுட்டிருப்பானா என்று எனக்குத் தோன்றவில்லை. வார்களில் நீலப்பச்சையாக ஏதோ கறை படிந்திருந்தது. "ரொம்ப உயரத்துல பறந்தா இப்படித்தான் களிம்பு ஏறும்" என்று அதையும் முடித்து வைத்தேன். சகலை வாயைத் திறந்தார். மாமா தொண்டையைக் கனைத்தார். சகலை கை கழுவப் போய்விட்டார்.

"போர் விமானம் மாமா. மிக்-21" என்று தீர்ப்புச் சொன்னேன். எல்லோரும் தலையாட்டினார்கள். அந்தத் தலையாட்டலில் எனக்கு உச்சி குளிர்ந்தது. விமானப் பிரியர்களின் வாட்ஸ்அப் குழு ஒன்றில் நான் இருக்கிறேன். பெருமை தாங்காமல் நாலைந்து படம் எடுத்து அதில் போட்டேன்.

அத்தோடு விட்டிருக்கலாம். செல்போனில் மேலும் தேடியபோது ஒரு விஷயம் கண்ணில் பட்டது. போர் விமானத்து இருக்கைக்கு அடியில் வெடிமருந்து இருக்கும். பிடியை இழுத்தால் விமானி இருக்கையோடு ஆகாயத்துக்குப் போய்விடுவார். நான் அந்தச் சிவப்புப் பிடியைப் பார்த்தேன். வியர்த்துவிட்டது.

"மாமா, இதுல யாரும் உக்காராதீங்க! இந்தப் பிடியை இழுத்தா கூரையப் பிச்சுக்கிட்டு மேல போயிடுவீங்க!"

"நான் தெனமும் இழுக்கறனுங்களே மாப்பிள்ளை" என்றார் மாமா. "இத இழுத்துத்தானுங்க சீட்ட முன்னால பின்னால நகத்திக்குவேன்."

"அதிர்ஷ்டம் மாமா! இத்தனை நாள் வெடிக்காதது உங்க அதிர்ஷ்டம்!"

புத்தியுள்ளவனுக்கு அந்த இடத்தில் உண்மை உறைத்திருக்கும். எனக்கோ தீபாவளிப் பட்டாசு ஞாபகம் வந்தது. நனைந்த பட்டாசு வெடிக்காது. ஆகவே இருக்கையைத் தண்ணீரில் முக்கி எடுத்தால் மருந்து நமத்துப்போகும். பின்கட்டில்தான் கிணறு இருக்கிறதே!

மாமா இருக்கையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "மாப்பிள்ளை சொன்னாச் சேரீங்க" என்றார்.

சகலையும் நானும் தூக்கிப் போனோம். கயிற்றை நான்தான் கட்டினேன், எனக்கு முடிச்சுகளைப் பற்றியும் கொஞ்சம் தெரியும் என்பதால். பாதிக் கிணறு இறங்குவதற்குள் முடிச்சு அவிழ்ந்தது. தொபுக்கென்று ஒரு சத்தம். பிறகு குமிழ் குமிழாக வந்தது.

"பாருங்க, மருந்து கரையுது" என்றேன்.

அப்போது செல்போன் சிணுங்கியது. குழுவில் யாரோ ஒரு பெரியவர் பதில் போட்டிருந்தார். 'இது சிறிய ஹெலிகாப்டரின் இருக்கை. தோட்டங்களுக்கு மருந்து தெளிப்பதற்குப் பயன்பட்டது. ஓட்டைகள் எடையைக் குறைப்பதற்காக. சிவப்புப் பிடி இருக்கையை நகர்த்துவதற்கு. வெடிமருந்தெல்லாம் கிடையாது. முதுகுவலி உள்ளவர்களுக்கு மிகவும் நல்லது. பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.'

பத்திரமாகத்தான் இருந்தது, அடியில்.

செல்போனைச் சகலையிடம் நீட்டினேன். படித்துவிட்டு அவர் கொஞ்சமும் ஆச்சரியப்படவில்லை.

"ஆமா சகல. ரப்பர் எஸ்டேட்டுக்கு மருந்தடிச்ச ஹெலிகாப்டர்தான். எஸ்டேட்ல பழைய சாமானக் கழிச்சு விட்டப்ப மாமாவுக்குன்னு வாங்கியாந்தேன். அந்தக் கறை துரிசு, அதான் மயில்துத்த மருந்து. ஏலத்துக்கும் நாங்க அதத்தான அடிக்கிறோம், சட்டையெல்லாம் அந்தக் கலர்தான்."

"இதை முதல்லயே சொல்லக்கூடாதா?"

"நீங்க எங்க சொல்ல விட்டீங்க? அதுபோக மாமா கண்ணக் காட்டிட்டாரு. புது மாப்பிள்ள சொல்ல இந்த வீட்டுல யாரும் மறுத்துப் பேச மாட்டாங்க. நான் புதுசா வந்தப்ப, தென்னைக்கு ஏலத்தோட உரத்தப் போடுங்கன்னேன். போட்டாங்களே!"

அன்று மத்தியானம் முழுக்கப் பாதாளக்கரண்டி போட்டுத் துழாவினோம். ஒரு பழைய வாளி வந்தது, ஒரு சொம்பு வந்தது, அத்தை எப்போதோ தொலைத்த இட்லித் தட்டு வந்தது. வேடிக்கை பார்க்க வந்தவர்கள் "ஏனுங்க, என்ன உழுந்துருச்சு?" என்று கேட்டபோதெல்லாம் அத்தை முகம் மாறாமல் "போர் விமானமுங்க" என்றார். ஒருவழியாக இருக்கை மேலே வந்தபோது அதன் பஞ்சு முழுக்கக் கிணற்றுத் தண்ணீர்.

மாமாவுக்கு உட்கார இடம் இல்லாமல் போயிற்று. பிளாஸ்டிக் நாற்காலியில் முயன்றுவிட்டுப் பாயில் படுத்துக்கொண்டார். திரும்பிப் படுக்கும்போதெல்லாம் பல்லைக் கடித்தார். சுதா தைலப் புட்டியை என் கையில் வைத்தாள். நான் ஆபீசுக்கு லீவு சொல்லிவிட்டு, அவர் முதுகில் தைலம் தேய்த்தபடி அங்கேயே தங்கினேன்.

"வெடிக்காதுன்னு தெரிஞ்சும் ஏன் மாமா கிணத்துல எறக்க விட்டீங்க?"

"சீட்டு நனைஞ்சாக் காய வெச்சுக்கலாமுங்க" என்றார் குப்புறப் படுத்தபடி. "அத்தன பேரு முன்னால மாப்பிள்ளை மொகம் சுண்டிப்போனா என்னங்க பண்றது? போச்சாதுங்க, உடுங்க."

என் முகத்துக்காகத் தன் முதுகைக் கொடுத்திருக்கிறார் மனுஷன். ஏதாவது உபயோகமாகச் சொல்ல வேண்டும் போலிருந்தது. "பஞ்சை நல்ல வெயில்ல போட்டுடறேன் மாமா, சீக்கிரம் காஞ்சிடும்" என்றேன்.

"இல்லீங்க, வெயிலு ஆகாது. சுருங்கிப்போயிரும். நெழல்ல போடுங்க."

அந்த வீட்டில் எனக்குச் சொல்லப்பட்ட முதல் 'இல்லை' அது. நிழலில் போட்டேன். காய்ந்தது. மாமா மறுபடி அதில் உட்கார்ந்து சிவப்புப் பிடியை இழுத்து முன்னே நகர்ந்தபோது, வெளியே தெரியாமல் ஒரு பெருமூச்சு விட்டேன்.

மடை திறந்தது அன்றைக்குத்தான். நான் மழை வரும் என்றால் வராது என்பார்கள். உப்புக் குறைவு என்றால் சரியாக இருக்கிறது என்பார்கள். மிக்ஸியோ ஃபேனோ புதிதாக எது வாங்கினாலும், நான் வந்தவுடன் அத்தை முதலில் கிணற்றுக் கம்பிவலையை இழுத்து மூடச் சொல்வார். சகலை ஊரிலிருந்து போன் செய்தால், "மாமா தரையிலதான இருக்காரு?" என்றுதான் ஆரம்பிப்பார்.

போன மாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது மேலே ஒரு சத்தம் கேட்டது. பழக்க தோஷம், "கொச்சிக்குப் போற பிளேன்" என்று சொல்லிவிட்டேன்.

மாமா பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை.

"இல்ல" என்றார். "பேசாமச் சாப்புடுப்பா."

பேசாமல் சாப்பிட்டேன். மனசுக்குப் பரம சுகமாக இருந்தது.