சிவப்பு காட்டிய குரல்

இனி எவன் சொன்னாலும் டாக்டரிடம் போவதில்லை என்று கோலா தெர்லா மலைக் கிராமத்துக் குணாளன் சபதம் எடுத்தார். பாயில் படுத்தபடியேதான் எடுத்தார். மண் சரிந்து அவருடைய தக்காளிக் கொட்டகையை வாரிக்கொண்டு போனதிலிருந்து மனுஷன் எழுந்ததே சோற்றுக்கும் கக்கூசுக்கும்தான். எதற்கு விடிகிறது என்றே அவருக்குப் புரியவில்லை.

கோலாலம்பூரில் இருக்கும் மகள் துளசி சும்மா விடுவாளா? அப்பா போனில் ஒரு ஆப் போட்டுவிட்டாள். தினமும் அதில் பேச வேண்டும். குரலை வைத்தே மனசைக் கண்டுபிடித்துவிடுமாம். தேறியிருந்தால் பச்சை, நொறுங்கிக் கிடந்தால் சிவப்பு.

"செவப்பு வந்துச்சு, கிளினிக்குதான்பா!"

குணாளன் யோசித்தார். மனைவி நவமணி தேயிலைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவள். இந்தச் சரிவில் கூப்பிட்டால் அந்தச் சரிவில் லோரிக்காரன் பிரேக் போடுவான். அந்தக் குரலுக்கு என்ன குறைச்சல்? தனக்குப் பதில் அவள் குரல் பதியட்டும் என்று போனைத் தலையணைக்கடியில் செருகினார்.

"நவமணி, தேத்தண்ணியில சீனியே இல்லலா."

"சீனியா? எந்திரிச்சுப் போய் வாங்கிட்டு வாங்க! ஊருல அத்தன பேரு கொட்டகையும்தான் போச்சு. அவனவன் திரும்பக் கம்பு நடுறான். நீங்க பாயில வேர் விட்டுக்கிட்டு இருக்கீங்க!"

சட்டி பானையெல்லாம் அதிர்ந்தது. போனைப் பார்த்தார். செக்கச்செவேல்.

மறுநாள் நவமணி கத்தவே இல்லை. "சீனி போட்டிருக்கேன்" என்று முனகினாள். சிவப்பு. அதற்கடுத்த நாள் அதுவும் இல்லை, ஒரு பெருமூச்சு. அதற்கும் சிவப்பு. ஐயோ, நான் படுத்தது போதாதென்று இவளுமா?

எழுந்தார். குளித்தார். சவரம்கூடச் செய்தார்.

"கெளம்பு, கிளினிக்குக்குப் போலாம்."

"யாருக்கு?"

"உனக்குத்தான்."

நவமணி மறுபேச்சில்லாமல் சேலை மாற்றினாள். அவருக்கு இன்னும் பயமாகிவிட்டது.

கம்போங் ராஜா கிளினிக்கில் நர்ஸ் கூப்பிட்டாள்: "குணாளன்!"

"நேத்தே இங்க போன் போட்டு உங்க பேரத்தான் சொல்லி வெச்சேன்" என்றாள் நவமணி. "சீனி கேட்ட அன்னிக்கு ராத்திரி நீங்க கக்கூசுக்குப் போனப்ப தலகாணிக்கடியில போனப் பாத்துட்டேன். உங்கள எழுப்ப வேற வழி தெரியல. துளசியும் நானும் பேசி வெச்சுத்தான் முனகினேன்."

குணாளனுக்குக் கோபமும் வந்தது, போன உயிரும் வந்தது. "அடிப்பாவி! அப்ப எல்லாமே நடிப்புதானா?"

நவமணி தரையைப் பார்த்தாள்.

"மொத நாளு கத்துனது நடிப்பு இல்லீங்க."