ரெண்டு கிளாஸ் அக்கா வீட்டில் மாற்றிய தட்டு

குடிக்கிற இடத்தைப் பற்றி ஒரு பொம்பளையிடம் கேட்கிறீர்களே, உங்களுக்கெல்லாம் வேறு வேலை இல்லையா? கோலம், கொழுக்கட்டை என்று கேட்க எத்தனை இருக்கிறது! அதையெல்லாம் விட்டுவிட்டு, தாராவியில் சாராயம் விற்றவளைப் பற்றித்தான் தெரிய வேண்டுமாக்கும். சரி, கேட்டுத் தொலைத்துவிட்டீர்கள். பக்கத்தில் மாமியார் இருந்தால் பத்திரிகையைக் கொஞ்சம் மடித்து வைத்துக்கொண்டு படியுங்கள்.

பம்பாயிலேயே குடிகாரர்களை அதிகம் திட்டியவள், அவர்களுக்கு ஊற்றிக் கொடுத்த ரெண்டு கிளாஸ் அக்காதான். பெண்டாட்டிமார்களெல்லாம் அவளுக்கு அப்புறம்தான்.

அறுபதுகளில் அங்கே மதுவிலக்கு. பெர்மிட் உள்ள துரைமார் குடிக்கலாம். பட்டறையில் வேலை பார்க்கிறவன் எவளாவது ஒருத்தி வீட்டு அறைக்குள் ஒளிந்துதான் குடிக்க வேண்டும். எங்கள் வரிசையில் அடுத்த கதவு அக்காவுடையது. பத்துக்குப் பத்து அறை, இரண்டு பெஞ்சு, ஒரு ஸ்டவ், சுவரில் முருகன். சாயங்காலம் ஆறு மணியானால் முருகன் முகத்தில் ஒரு துண்டைப் போட்டு மூடுவாள். அப்படியென்றால் கடை திறந்தாயிற்று.

உள்ளே வருகிறவன் கால் கழுவ வேண்டும். கெட்ட வார்த்தை பேசினால், மூலையில் கவிழ்த்து வைத்த பக்கெட்டில் உட்கார்ந்து எல்லாருக்குமாக வெங்காயம் உரிக்க வேண்டும். தோல் கம்பெனியில் ஐம்பது ஆட்களை அதட்டுகிற ஃபோர்மேன் ஒருவர் வருவார். முக்கால்வாசி நாள் அவர் அந்தப் பக்கெட்டில்தான். அவர் கண்ணில் தண்ணீர் வழிவதைப் பார்த்துப் புதிதாக வந்தவர்கள், பாவம், வீட்டில் ஏதோ துக்கம் என்று நினைத்துக்கொள்வார்கள்.

ஆளுக்கு இரண்டு கிளாஸ்தான். மூன்றாவது கேட்டால் உப்புப் போட்ட மோர் வரும். கூடவே இதுவும் வரும்: "மூணாவது கேக்கீரே, பொண்டாட்டி மொகம் மறந்து போச்சா வே? மோரைக் குடிச்சிட்டு எந்திரியும்."

அவள் ஒரு சொட்டு நாக்கில் வைத்ததில்லை. ஒரு கரண்டியில் ஊற்றித் தீக்குச்சி வைப்பாள். நீலமாக எரிந்தால் நல்ல சரக்கு. எரியாவிட்டால், காய்ச்சியவனின் ஏழு தலைமுறையும் அன்றைக்கு எரியும்.

அந்தச் சரக்கு வந்து சேர்கிற அழகைக் கேளுங்கள். டயர் டியூபில் நிரப்பி வயிற்றைச் சுற்றிக் கட்டி, மேலே சேலையை உடுத்திக்கொண்டு பஸ்ஸில் வருவாள். மூன்று வருஷமாக அவளுக்கு எப்போதும் ஏழாவது மாதம். கண்டக்டர் ஆளை எழுப்பி இடம் வாங்கிக் கொடுப்பார். ஒரு மராட்டிக் கிழவி ஆசையாக வயிற்றைத் தடவ வந்தபோது, பிள்ளை இப்போதுதான் தூங்குகிறது, எழுப்பிவிடாதே என்று கையைத் தட்டிவிட்டாளாம்.

போலீஸ் வந்தால் என்ன செய்வது என்பதற்கும் அவளிடம் ஏற்பாடு இருந்தது. குடிக்க வந்தவர்கள் அத்தனை பேரும் பெண் பார்க்க வந்தவர்களாகிவிட வேண்டும். அதற்காக வெற்றிலை, பாக்கு, வாழைப்பழம், தேங்காய் வைத்து தினமும் ஒரு தட்டு தயாராக இருக்கும். எல்லாம் யோசித்தவள், பெண்ணுக்கு எங்கே போவது என்று மட்டும் யோசிக்கவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஹவல்தார் வந்தே விட்டார். சரக்கு டியூப், தண்ணீர் டிரம்முக்குள் போனது. கிளாஸெல்லாம் அரிசிப் பானைக்குள் போயின. பெண் பார்க்க வந்திருக்கிறார்கள் என்று அக்கா சொன்னாள். அவர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தார். தானும் இரண்டு பெண்களைக் கட்டிக் கொடுத்தவன், பெண்ணை வரச்சொல், பார்த்துவிட்டே போகிறேன் என்றார்.

நான் எங்கள் வீட்டில் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தேன். பத்தொன்பது வயது. அக்கா பின்பக்கமாக ஓடி வந்து, தன் தலையிலிருந்த பூவை எடுத்து என் தலையில் செருகினாள்.

"ஏட்டி, அஞ்சே நிமிசம் வந்து தலையைக் குனிஞ்சு நில்லு. இல்லேன்னா என்னை உள்ள வச்சிருவான்."

போனேன். தலையைக் குனிவதற்கு முன்னால் ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தது என் தப்பு. பெஞ்சில் நடுநாயகமாக எங்கள் அப்பா. வெள்ளிக்கிழமை தவறாமல் கோயில் பஜனைக்குப் போகிறவர். அவர் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். இரண்டு பேரும் பார்க்காத மாதிரி இருந்துவிட்டோம்.

மாப்பிள்ளையாக உட்கார வைத்தது, இருந்ததில் நேராக உட்கார முடிந்த ஒரே ஆளை. குர்லாவில் லேத் பட்டறை வேலை, திருநெல்வேலிப் பக்கம். பேரைச் சொல்கிற வழக்கம் எனக்கு இல்லை, கேட்காதீர்கள்.

ஹவல்தார் லேசுப்பட்டவர் இல்லை. பிடித்திருக்கிறதா என்றார். எல்லாரும் சேர்ந்து தலையாட்டினார்கள். அப்படியானால் நிச்சயத்தையும் இப்போதே முடியுங்கள், நானே சாட்சி என்றார்.

ஃபோர்மேன் பக்கெட்டிலிருந்து எழுந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு மாப்பிள்ளைக்கு மாமா ஆனார். எங்கள் அப்பா இரண்டு கிளாஸ் உள்ளே போனால் ரொம்ப முறைப்படி நடக்கிற மனுஷன். எந்த ஊர், தகப்பனார் யார், குலதெய்வம் எது என்று வரிசையாகக் கேட்டார். நடிக்கிறோம் என்பதே மறந்து, பையன் அத்தனைக்கும் உண்மையைச் சொல்லிவிட்டான். பார்த்தால் எங்கள் ஆட்கள், கட்டிக்கொள்கிற முறை. அப்பா எழுந்து முருகன் முகத்துத் துண்டை எடுத்தார், சூடம் கொளுத்தினார், தட்டை மாற்றினார். எல்லாரும் அரிசி போட்டார்கள். அதிகம் போட்டது ஹவல்தார்தான். போகும்போது இரண்டு வாழைப்பழமும் எடுத்துக்கொண்டார்.

அவர் தலை மறைந்ததும் அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள். அப்பா சிரிக்கவில்லை.

"எதுக்குச் சிரிக்க? தட்டு மாத்தியாச்சுல்லா. முருகன் பாத்துட்டாரு."

போதை தெளிந்து மறுநாளும் அதையேதான் சொன்னார். எங்கள் ஆட்களிடம் தட்டு மாற்றிவிட்டு முறித்தால், அப்புறம் அந்தப் பெண்ணை யாரும் கேட்டு வரமாட்டார்கள். ஒன்பது பேர் பார்த்திருக்கிறார்கள். என்னைக் கேட்காமல் எங்கே வைத்துத் தட்டு மாற்றினீர்கள் என்று அம்மா பிடித்துக்கொண்டாள். முருகன் முன்னால் என்றார் அப்பா. பொய்யில்லை.

எனக்குத்தான் மனசு ஒப்பவில்லை. சாராய வாடைக்கு நடுவே அரை நிமிஷம் பார்த்த ஆளோடு ஆயுசுக்கும் எப்படி இருப்பது? மூன்று நாள் சோறு இறங்கவில்லை. சரி, இரண்டு நாள்.

மூன்றாம் நாள் காலையில் தண்ணீர்க் குழாயடியில் அந்த ஆள் வந்து நின்றார். என்னைப் பார்க்காமல் குடத்தைப் பார்த்துப் பேசினார்.

"தப்பு என் மேலன்னு ஊருக்கு எழுதிப் போட்டுருதேன். உங்க பேரு கெடாது."

"அப்புறம் உங்களுக்கு யாரு பொண்ணு குடுப்பா?"

"அதை நான் பாத்துக்கிடுதேன்."

குடத்தை அப்படியே போட்டுவிட்டு அக்காவிடம் போனேன். முட்டை அவித்துக்கொண்டிருந்தாள். எப்பேர்ப்பட்ட ஆள் என்று கேட்டேன். முதல் தடவையாக அவள் திட்டாமல் பேசினாள்.

"ஜாதகத்துல என்னட்டி தெரியும்? ரெண்டாவது கிளாஸ்ல பாக்கணும். ஒருத்தன் கை ஓங்குவான், ஒருத்தன் பொண்டாட்டியக் கேவலமாப் பேசுவான். இந்தக் கிறுக்கன் அவங்க அம்மையை நெனச்சு ஒரு மூச்சு அழுதுட்டு, எல்லார் கிளாஸையும் கழுவி வச்சிட்டுப் போவான். மூணு வருசமாப் பாக்கேன். கண்ணை மூடிக்கிட்டுக் கழுத்தை நீட்டு."

நீட்டினேன்.

கல்யாணம் எங்கள் பக்கத்துச் சின்னக் கோயிலில். அக்கா வரமாட்டேன் என்றுதான் சொல்லியிருந்தாள். சாராயம் விற்கிறவள் வந்தால் நாலு பேர் பேசுவார்களாம். ஆனால் வந்து வாசலில் செருப்புகளுக்குப் பக்கத்தில் நின்றாள். மாப்பிள்ளை முதல் முடிச்சைப் போட்டார். மற்ற இரண்டையும் போட நாத்தனார் எங்கே என்று ஐயர் கேட்டார். மாப்பிள்ளைக்குக் கூடப் பிறந்தவள் யாரும் இல்லை. ஆளுக்கு ஆள் முழித்தார்கள். குனிந்த தலையை நான் நிமிர்த்தி, வாசலில் நிற்கிற அக்காவைக் கூப்பிடுங்கள் என்றேன். முணுமுணுவென்று என்னைத் திட்டிக்கொண்டே வந்தாள். இரண்டு முடிச்சையும் இறுக்கிப் போட்டாள்.

மறுநாள் குழாயடியில் பொம்பளைகள் சுற்றி வளைத்துக்கொண்டார்கள். போயும் போயும் அந்தச் சாராயக்காரியா தாலி முடிந்தாள், அவள் வாயும் அவளும் என்று ஆரம்பித்தார்கள். நான் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு சொன்னேன்:

"அவுக எங்க நாத்தனாரு. அவுகளக் குத்தம் சொல்லணும்னா நான் சொல்லுவேன். நீங்க யாரும் சொல்லப்படாது."