கிழக்கே ஒரு கதவு, மேற்கே ஒரு கதவு

கோழிகளுக்காகக் கட்டிய வலை அடைப்புக்குக் கிழக்கே ஒரு கதவும் மேற்கே ஒரு கதவும் வந்துவிட்டன. இரண்டுமே நல்ல கதவுகள்தான். கீல், தாழ்ப்பாள், கைப்பிடி எல்லாம் இருந்தன. கோழிகள் ஒரு பக்கம் வந்து மறுபக்கம் போய்விட்டால் என்ன செய்வது என்பதுதான் கவலை.

"மாமா, கதவு மேற்கேதான்னு அவர் சொன்னதை உங்ககிட்ட சொன்னேனே?" என்றாள் மருமகள்.

"சொன்னே. நானும் கிழக்கேதான்னு சொன்னேனே, அவன்கிட்ட சொன்னியா?"

"சொன்னேன்."

"அப்புறம் எப்படி ரெண்டு வந்துச்சு?"

"சொல்லத்தான் மாமா என்னால முடியும். நீங்களும் கேக்கல, அவரும் கேக்கல. எனக்கு மருந்துக்கடைக்கு நேரமாச்சு, கிளம்பிப் போயிட்டேன்."

மாமனார் ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார். அவருடைய மகன் லிப்ட் மெக்கானிக். இருவரும் பேசி நாலு வருஷமாகிறது. மகன் பார்த்துக்கொண்டிருந்த வங்கி வேலையை விட்டுவிட்டு லிப்ட் கம்பெனியில் சேர்ந்த அன்று, "லிப்டுக்கு எண்ணெய் போடறதுக்கா உன்னைப் படிக்க வச்சேன்?" என்று வாத்தியார் கத்தினார். "உங்க கணக்குல நான் என்னிக்குமே தப்பான விடைதான்" என்று அவனும் கத்திவிட்டு, மனைவியோடு நாலு தெரு தள்ளிக் குடிபோனான். அன்றிலிருந்து வாத்தியார் எந்தக் கட்டடத்திலும் லிப்டில் ஏறுவதில்லை. கண் டாக்டரைப் பார்க்க ஐந்து மாடி ஏறிப்போய், டாக்டர் கண்ணை விட்டுவிட்டு அவசரமாக ரத்த அழுத்தத்தைப் பார்த்த கதையும் உண்டு.

இந்தச் சண்டைக்கு நடுவில்தான் வாத்தியாரின் மனைவி படுக்கையில் விழுந்தாள். இனி செய்வதற்கு ஒன்றுமில்லை, வீட்டில் வைத்து நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஆஸ்பத்திரியில் அனுப்பிவிட்டார்கள். பின்புற அறையில், கொல்லையைப் பார்த்த ஜன்னலோரமாகக் கட்டிலைப் போட்டார்கள். மகன் தினமும் பார்க்க வருவான். அவன் முன்வாசலில் நுழைந்தால் வாத்தியார் பின்வாசல் வழியாக வெளியே போய்விடுவார். அவ்வளவு ஒழுங்காக நடந்துகொண்டிருந்தது.

ஒருநாள் அவள் இருவரையும் கூப்பிட்டு அனுப்பினாள். கட்டிலுக்கு இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர் சுவரைப் பார்த்தபடி நின்றார்கள்.

"எனக்கு ஒரு ஆசை. கோழி வளர்க்கணும்."

"கோழியா?" என்று இருவரும் ஒரே நேரத்தில் கேட்டார்கள். ஒரே நேரத்தில் கேட்டுவிட்டதில் இருவருக்குமே கோபம் வந்தது.

"ஆமா. படுத்துக்கிட்டே ஜன்னல் வழியா பாக்கணும். கடையில விக்கிற கூண்டெல்லாம் வேணாம். வீட்டு ஆளுங்க கையால கட்டினதா இருக்கணும்."

அன்று வாத்தியாருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. முப்பத்தாறு வருஷம் குடித்தனம் நடத்தியிருக்கிறார். அவருடைய வேட்டிக்குக் கஞ்சி எவ்வளவு, மூக்குக் கண்ணாடியை எங்கே மறந்து வைத்திருப்பார் என்பதெல்லாம் அவளுக்குத் தெரியும். அவளுக்கு இப்படி ஓர் ஆசை இருந்தது அவருக்குத் தெரியவில்லை. ஓய்வு பெறும்வரை மூன்றாவது மாடியில் பள்ளிக்கூடக் குடியிருப்பு. அங்கே கோழிக்கு எங்கே போவது? அவளும் கேட்டதில்லை. என்ன வேணும் என்று அவரும் கேட்டதில்லை. அதை நினைத்து நினைத்து மனுஷன் நொந்துபோனார்.

ஆகவே கோழிக்கூடு உடனே கிளம்பியது. கோழிகள் ராத்திரி அடைய மரப்பெட்டி மாதிரி ஒரு கூடு, பகலில் உலாவ அதைச் சுற்றி ஆள் உயரத்துக்குக் கம்பிவலை அடைப்பு என்பது திட்டம். வாத்தியார் கட்டம் போட்ட தாளில் கோழி ஒன்றுக்கு இத்தனை சதுர அடி என்று கணக்குப் போட்டு, படம் வரைந்து, கடைசியில் 'விடை' என்று எழுதி அடிக்கோடும் போட்டார். மகன் அந்தத் தாளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கம்பிக்கயிறு, கப்பி, எடைக்கல் எல்லாம் கொண்டுவந்து, தானாகவே சாத்திக்கொள்ளும் கதவு ஒன்றைச் செய்தான்.

"கோழி எந்த மாடிக்குப் போகணுமாம், கேளு அவன்கிட்ட" என்றார் வாத்தியார்.

"இங்க பாரு, கதவைத் தாழ்ப்பாள் போட மறக்கிறவங்க இந்த வீட்டுல இருக்காங்க, அவங்களுக்காகத்தான்னு சொல்லு" என்றான் மகன்.

இரண்டடி இடைவெளியில் நின்றிருந்த இருவருக்கும் நடுவில் மருமகள் நின்று, இதையே இன்னொரு தடவை சொன்னாள். இரண்டு நாளில் அவள் தொண்டை கட்டிக்கொண்டது. "இனிமே ஏதாவது சொல்லணும்னா எழுதி வையுங்க" என்று பலகையின் மேல் ஒரு சாக்பீஸை வைத்துவிட்டுப் போனாள்.

அது இன்னும் வம்பாகப் போயிற்று. காலையில் வாத்தியார் வேலை செய்வார், சாயங்காலம் டூட்டி முடிந்து மகன் வருவான். மகன் அடித்த பலகை ஒவ்வொன்றிலும் வாத்தியார் மார்க் போட்டார். "ஆணி வளைவு. 3/10" என்றிருக்கும் ஒன்றில். மறுநாள் வாத்தியார் போட்ட தாழ்ப்பாளுக்குப் பக்கத்தில், "கோழியே திறக்கும். 1/10" என்றிருக்கும். ஒருநாள் கூடு ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது என்று வாத்தியார் கிழக்குக் கால்களுக்கு அடியில் செங்கல் வைத்தார். சாயங்காலம் வந்த மகன், மறுபக்கம் சாய்ந்திருக்கிறது என்று மேற்குக் கால்களுக்கு இன்னும் கொஞ்சம் கனமான கல்லை வைத்தான். மறுநாள் காலை வாத்தியார் விடுவாரா? நாலே நாளில் கூடு இடுப்பு உயரத்துக்கு எழும்பிவிட்டது. கோழி ஏறுவதற்கு ஏணி ஒன்று செய்யவேண்டி வந்தது. ஏணியையும் ஆளுக்கு ஒன்றாகச் செய்தார்கள்.

"இப்பதான் படுத்தபடியே நல்லாத் தெரியுது. அப்படியே இருக்கட்டும்" என்று ஜன்னல் வழியாக அவள் சொன்ன பிறகுதான் செங்கல் வைப்பது நின்றது.

ஊசி போட ஒருநாள் விட்டு ஒருநாள் வரும் நர்ஸ், அந்தச் சனிக்கிழமை வாத்தியாரை வாசலுக்குத் தனியாக அழைத்தாள்.

"ஐயா, அந்தக் கூட்டைச் சீக்கிரம் முடிச்சிடுங்க."

"அடுத்த வாரம் முடிச்சிடுவோம்மா."

"அடுத்த வாரம்னெல்லாம் வச்சுக்காதீங்க ஐயா."

இதை மருமகளும் கேட்டாள். அவள் வழியாக மகனுக்கும் போயிற்று. நாலு வருஷத்தில் ஒரு வார்த்தைகூட மாறாமல் போய்ச் சேர்ந்த செய்தி அதுதான்.

ஞாயிற்றுக்கிழமை இருவரும் கொல்லையில் இருந்தார்கள். கதவு எந்தப் பக்கம் என்பதற்காக இன்னொரு நாளை வீணாக்குவதா என்று வாத்தியாருக்குத் தோன்றியது. தொலைகிறது, அவன் கதவே இருந்துவிட்டுப் போகட்டும் என்று பலகையும் ஆணியுமாக அடைப்புக்குள் போனார். தன் கிழக்குக் கதவின் குறுக்கே பலகையை வைத்து உள்ளிருந்தே அறைய ஆரம்பித்தார். மகன் மேற்குப் பக்கம் வெளியே நின்றிருந்தான். அவனுக்கும் அதேதான் தோன்றியிருக்க வேண்டும். கிழவர் கதவே இருக்கட்டும் என்று தன் கதவின் குறுக்கே பலகை வைத்துத் திருகாணியை முடுக்க ஆரம்பித்தான். நடுவில் இடுப்பு உயரச் செங்கல் மேல் கூடு நின்றதால் ஒருவர் செய்வது மற்றவருக்குத் தெரியவில்லை. சத்தம் மட்டும் கேட்டது. தன் கதவை இன்னும் கெட்டியாக்குகிறார் என்று அவனுக்குக் கோபம். மரத்தில் திருகு ஏறுகிற கிரீச் சத்தம் கேட்டு அவருக்கும் அதே கோபம். கோபத்தில் பதினோரு ஆணி அடித்துவிட்டார்.

வேலை முடிந்து கூட்டைச் சுற்றிக்கொண்டு மேற்குக் கதவுக்குப் போய்த் தள்ளிப் பார்த்தபோதுதான், தான் வெளியே போக வழியில்லை என்பது வாத்தியாருக்குப் புரிந்தது.

கூப்பிடலாம். ஆனால் மருமகள் உள்ளே மாமியாருக்குக் கஞ்சி கொடுத்துக்கொண்டிருந்தாள். கொல்லையில் இருந்தது அவன் ஒருவன்தான். அவனைக் கூப்பிடுவதைவிட ஆணியைப் பிடுங்கிப் பார்க்கலாம் என்று முயன்றார். பதினோரு ஆணியில் ஒன்றுகூட அசையவில்லை. பிறகு வலையைச் சோதிப்பவர்போல ஒவ்வொரு ஓட்டையாகத் தடவிப் பார்த்துக்கொண்டு நின்றார். மகன் சாமான்களைப் பையில் போட்டுவிட்டுக் குழாயில் கை கழுவப் போனான்.

அப்போது ஜன்னலிலிருந்து ஒரு சத்தம் வந்தது. இருமல் என்று நினைத்து இருவருமே பதறித் திரும்பினார்கள். இருமல் இல்லை. அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு, வலியையும் பொறுத்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

மகன் அவள் கை காட்டிய பக்கம் பார்த்தான். வலைக்குள் அப்பா நின்றிருந்தார்.

வாத்தியார் தொண்டையைச் செருமினார்.

"திருப்புளி" என்றார்.

நாலு வருஷத்துக்குப் பிறகு மகனிடம் அவர் பேசிய முதல் வார்த்தை அது.

"எந்த அளவு?"

"முடுக்கினது நீ. என்னைக் கேக்கிறே."

அவன் வந்து திருகாணியைக் கழற்றினான். பாதியில் நிறுத்தி, "உங்க கதவை ஏன்பா அடைச்சீங்க?" என்று கேட்டான்.

"நீ எதுக்குடா அடைச்சே?"

வாத்தியார் கண்ணாடியைக் கழற்றி வெகுநேரம் துடைத்தார். மகன் தலையைக் குனிந்தபடியே மிச்சத் திருகாணிகளைக் கழற்றினான். அவன் அழுதுகொண்டிருந்தான்.

அதற்குப் பிறகு வேலை மளமளவென்று நடந்தது. நாலு வருஷம் சேர்த்துவைத்த சண்டையை எல்லாம் நேராகவே போட்டுக்கொண்டு வேலை செய்தார்கள். "சத்தம் போடாதீங்க, அம்மா தூங்கறாங்க" என்று நர்ஸ் அதட்டினாள். "நான் தூங்கல, போடட்டும்" என்று கண்ணை மூடியபடியே அவள் சொன்னாள்.

புதன்கிழமை மகனின் பைக்கில், பின்னால் கூடையை அணைத்துக்கொண்டு வாத்தியார் உட்கார, ஐந்து பெட்டைக்கோழிகள் வந்து சேர்ந்தன. மேற்குக் கதவு வழியாக அடைப்புக்குள் போய்க் கிளறத் தொடங்கின. அவள் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"ஒண்ணை இங்க தூக்கிட்டு வாங்க" என்றாள்.

விடைத்தாள் கட்டைத் தூக்குவதுபோல ஒரு சிவப்புக் கோழியை இரண்டு கையாலும் தூக்கிவந்து வாத்தியார் அவள் மடியில் வைத்தார். அவள் கண்ணை மூடிக்கொண்டு அதன் முதுகில் கை வைத்தாள். கை நடுங்கியது. தோள் வரைக்கும் நடுங்கியது.

"குளிருதாம்மா?" என்று மகன் போர்வையை இழுத்துவிட்டான்.

"கொஞ்சம்."

"சந்தோஷமா?" என்றார் வாத்தியார்.

"ரொம்ப. போதுங்க, கீழ விட்டுடுங்க. பாவம், அதுக்குப் பயமா இருக்கும்." பிறகு மகனைப் பார்த்தாள். "ஒருத்தரால பாத்துக்க முடியாதுடா. காலைல நீ வந்து தண்ணி மாத்து. சாயங்காலம் அப்பா தீனி போடட்டும்."

ஆறாம் நாள் மத்தியானம் அவள் போய்விட்டாள்.

வீடு நிறைய ஆட்கள் வந்தார்கள், போனார்கள். எல்லோரும் போன பிறகு வாத்தியாரால் அந்தப் பின்னறைக்குள் கால் வைக்க முடியவில்லை. ஆனால் விடிந்தால் கோழிகள் கத்தின. எழுந்துதான் ஆகவேண்டியிருந்தது. எழுந்து போனால், மகன் வந்து தண்ணீர்ப் பாத்திரத்தைக் கழுவிக்கொண்டிருப்பான். இருவரும் செங்கல் மேல் உட்கார்ந்து டீ குடிப்பார்கள். அவளைப் பற்றிப் பேசமாட்டார்கள். எந்தக் கோழி முட்டையிட்டது, எது ஏமாற்றுகிறது என்று பேசுவார்கள்.

ஒரு காலையில் மட்டும் வாத்தியார் டம்ளரைக் கீழே வைத்துவிட்டார்.

"முப்பத்தாறு வருஷம்டா. அவளுக்குக் கோழின்னா இவ்வளவு ஆசைன்னு தெரியாமலே இருந்துட்டேனே."

"எனக்கும்தான்பா தெரியல" என்று மகன் அவர் முதுகில் கை வைத்தான்.

அவளுடைய அக்காவுக்கு முழங்காலில் ஆபரேஷன். படுக்கையைவிட்டு எழுந்திருக்க விடவில்லை. அதனால் காரியத்துக்குக்கூட வரமுடியாமல், ஒரு மாதம் கழித்து ஊன்றுகோலோடு வந்திறங்கினாள். தங்கையின் கட்டிலைப் பார்த்து அழுதாள். அழுது முடித்து, மூக்கைத் துடைத்துக்கொண்டு கொல்லை வாசலுக்கு வந்தவள், அப்பாவும் பிள்ளையும் குனிந்து தீனி போடுவதைப் பார்த்தாள்.

"இது யாரு வளக்கிற கோழி?"

"அம்மாவோடதுதான், பெரியம்மா" என்றான் மகன். "கடைசியா அவங்க ஆசைப்பட்டுக் கேட்டது இது ஒண்ணுதான்."

பெரியம்மா அவனை ஒரு தடவையும், வாத்தியாரை ஒரு தடவையும் பார்த்தாள்.

"அவளா? சின்ன வயசுல ஒரு கோழி அவ முகத்துல கொத்தினதுலேருந்து, கோழி இறகைக் கண்டாலே கை காலெல்லாம் நடுங்கி ஓடுவாளேடா!"